ப்ளக்-இன் மக்கர் பண்ணினால்…?

(மூன்றாமாண்டு மின்னணுத் தொடர்பியல் மாணவன்)



மலர்க் குழுவினர் "நீயும் ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் பேனாவை எடுத்தேன். ஏற்கனவே பதினான்கு காதல் கவிதைகள் வந்து குவிந்துவிட்டன என்றும், பதினைந்தாவது வந்தால் அச்சகத்துக்காரர் அழுதுவிடுவார் என்றும் செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே எனக்குக் கொஞ்சம் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். கணிப்பொறியில் பாட்டுப் பதிவு செய்கிறவர்களைத் தூங்க விடாமல் அடிக்கும் ப்ளக்-இன் தொல்லைதான் அது.

நான் சாயந்திரத்தில் பக்கத்து டவுனில் ஒரு சின்ன ரெக்கார்டிங் கடையில் வேலை பார்க்கிறேன். கல்லூரி விழாப் பாட்டு, கோயில் பாட்டு, கட்சிப் பாட்டு, கல்யாண வீடியோவுக்கு மியூசிக் என்று எல்லாம் அங்கே நடக்கும். சம்பளம் பெரிதாக ஒன்றும் இல்லை. பஸ் செலவும் டீயும் போக மிச்சம் அரியர் ஃபீஸ் கட்ட உதவும் (சிரிக்காதீர்கள், உங்களுக்கும் இருக்கிறது!).

ஒரு நாள் வந்த வேலை

2024 நவம்பர் கடைசியில் ஒருவர் கடைக்கு வந்தார். லாரி பட்டறையில் வேலை செய்கிறவர். அவருடைய அப்பா சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த தெருக்கூத்து வாத்தியார். 2013-இல் எங்கள் கடையில் 'கர்ண மோட்சம்' கூத்திலிருந்து நான்கு பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்திருந்தார். என்ன காரணமோ, அது கேசட்டாகவும் வரவில்லை, சி.டி.யாகவும் வரவில்லை. அப்படியே கிடந்தது. வாத்தியார் 2023 டிசம்பரில் காலமாகிவிட்டார். முதல் வருஷ நினைவு நாளுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

"தம்பி, அப்பா குரலு கெடைக்குமா? செல்லுல கூட ஒண்ணும் இல்லப்பா. அன்னிக்கு ஊரே வரும். போட்டுக் காமிக்கணும்" என்றார்.

"இருக்குண்ணே, ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருக்கு" என்று கடை அண்ணன் தைரியமாகச் சொன்னார். அது உண்மைதான். பழைய கணிப்பொறியின் மதர்போர்டு 2019-இலேயே புகைந்து போனாலும், டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தார். அதைப் புது மெஷினில் மாட்டி அந்தப் ப்ராஜெக்ட்டைத் திறந்தோம். திரையில் ஒரு பெட்டி வந்தது: 'கீழ்க்கண்ட ப்ளக்-இன்கள் காணவில்லை.' மொத்தம் ஐந்து பெயர்கள்!

அதற்கப்புறம் மூன்று ராத்திரி நாங்கள் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை. உங்களில் பலர் விடுதி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பாட்டுப் போடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். இன்றில்லாவிட்டால் நாளை இந்தப் பெட்டி உங்கள் திரையிலும் வரும். அப்போது இந்த மலரைத் தேடி எடுங்கள்.

ப்ளக்-இன் என்றால் என்ன?

பாட்டுப் பதிவு செய்யும் பெரிய மென்பொருளைத் தாய் மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். க்யூபேஸ், ரீப்பர், எஃப்.எல். ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், லாஜிக், ப்ரோ டூல்ஸ் எல்லாம் இந்த ரகம். அதற்குள் சொருகிக்கொள்ளும் சின்ன மென்பொருள்தான் ப்ளக்-இன். குரலுக்கு எதிரொலி சேர்க்க ஒன்று, கனத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று, வயலின் சத்தம் தர ஒன்று என்று ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன.

வேலை நடக்கும் விதம் எளிது. தாய் மென்பொருள் சத்தத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ப்ளக்-இன்னிடம் கொடுக்கும். அது கணக்குப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். ஒரு விநாடிக்கு 44,100 சாம்பிள், ஒரு பொட்டலத்துக்கு 256 சாம்பிள் என்றால் ஒரு பொட்டலத்தின் காலம் சுமார் 5.8 மில்லி விநாடி. அதற்குள் எல்லா ப்ளக்-இன்களும் வேலையை முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் 'கர்… கர்…' என்று பாட்டு விக்கும்.

இதில் எங்கே தகராறு வருகிறது? வீட்டில் மிக்ஸி இருக்கும். ஒரு கம்பெனி ஜாரை இன்னொரு கம்பெனி மிக்ஸி மேல் வைத்துப் பாருங்கள். ஜாரும் நல்ல ஜார், மிக்ஸியும் நல்ல மிக்ஸி, ஆனால் உட்காராது. ப்ளக்-இன் கதையும் அதேதான்.

ஜார் வகைகள்

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1996-இல் வி.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் அந்த முறையில் ப்ளக்-இன் எழுதலாம் என்று திறந்துவிட்டதால் அது உலகம் முழுக்கப் பரவியது. 1999-இல் வி.எஸ்.டி. 2 வந்தது, 2008-இல் வி.எஸ்.டி. 3 வந்தது. வி.எஸ்.டி. 2 எழுதுவதற்கான கருவித் தொகுப்பை 2018-உடன் நிறுத்திவிட்டார்கள். தங்களுடைய சொந்த மென்பொருள்களிலும் வி.எஸ்.டி. 2 ஆதரவைப் படிப்படியாக விலக்கப் போவதாக 2022 ஜனவரியில் அறிவித்தார்கள்.

ஆப்பிள் மேக்கில் ஏ.யு. என்று ஒரு முறை. ப்ரோ டூல்ஸுக்கு ஏ.ஏ.எக்ஸ். என்று தனி முறை. 2022-இல் க்ளாப் என்று ஒரு திறந்த முறையும் வந்தது. லாஜிக் வி.எஸ்.டி.யைத் தொடவே தொடாது. ப்ரோ டூல்ஸும் அப்படித்தான். ஆகவே ப்ளக்-இன் இறக்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'என் தாய் மென்பொருள் எந்த ஜாரை ஏற்கும்?' பாதிப் பேர் இந்தக் கேள்வியிலேயே அவுட்!

32-ஆ, 64-ஆ?

இரண்டாவது கேள்வி இது. 32 பிட் முகவரியால் எண்ண முடிந்த மொத்த நினைவக இடம் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 4 ஜி.பி. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பேப்பரில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? பெரிய பெரிய வாத்திய ஒலித் தொகுப்புகளுக்கு அது போதவில்லை என்று எல்லோரும் 64 பிட்டுக்கு மாறினார்கள். க்யூபேஸ் 2016-இல் வந்த 9-ஆம் பதிப்போடும், ஏபிள்டன் லைவ் 2018-இல் வந்த 10-ஆம் பதிப்போடும் 32 பிட்டைக் கைவிட்டன. மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினாவோடு 32 பிட் மென்பொருள் எதுவுமே ஓடாது என்றாகிவிட்டது.

64 பிட் தாய் மென்பொருளுக்குள் 32 பிட் ப்ளக்-இன்னை நேராக ஏற்ற முடியாது. இது விண்டோஸ் போட்டிருக்கும் சட்டம். 15 ஆம்பியர் பிளக்கை 5 ஆம்பியர் சாக்கெட்டில் எவ்வளவு அமுக்கினாலும் போகுமா? ஆனால் இடையில் ஓர் அடாப்டர் வைக்கலாம் அல்லவா? அதற்குப் பெயர் பிரிட்ஜ், நம் மொழியில் பாலம். 32 பிட் ப்ளக்-இன்னைத் தனியாக ஒரு 32 பிட் நிரலில் ஓடவிட்டு, சத்தத்தை அங்கே அனுப்பித் திரும்ப வாங்கும். விண்டோஸில் ரீப்பருக்குள்ளும் எஃப்.எல். ஸ்டுடியோவுக்குள்ளும் இந்தப் பாலம் இருக்கிறது. ஜே-பிரிட்ஜ் என்று தனி மென்பொருளும் உண்டு. பாலத்தால் கொஞ்சம் பாரம் கூடும், சில நேரம் சன்னல் சரியாக வராது. ஆனாலும் ஆபத்துக்குப் பாவமில்லை.

கையில் இருக்கும் டி.எல்.எல். கோப்பு 32-ஆ 64-ஆ என்று கண்டுபிடிக்க ஒரு சின்னத் தந்திரம் சொல்கிறேன். அதை நோட்பேடில் திறங்கள். குப்பை மாதிரி எழுத்துக்கள் வரும், பயப்படாதீர்கள். ஆரம்பப் பகுதியில் 'பி', 'ஈ' என்ற இரண்டு பெரிய ஆங்கில எழுத்துக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதை அடுத்து பெரிய 'எல்' வந்தால் 32 பிட். சின்ன 'டி' வந்தால் 64 பிட். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிடுங்கள். சேமித்தீர்களோ, ப்ளக்-இன் காலி!

முதல் ராத்திரி

வேலையில் இறங்கும் முன் கடை அண்ணன் ஒரு காரியம் செய்தார். பழைய டிஸ்க்கில் இருந்த அந்த ஃபோல்டரை அப்படியே இரண்டு பிரதி எடுத்தார். "மூலத்துல கை வைக்காத. பிரதியில என்ன வேணா பண்ணு" என்றார். நண்பர்களே, இது எல்லாவற்றுக்கும் முந்திய விதி. ப்ளக்-இன் காணாமல் திறந்த ப்ராஜெக்ட்டை அதே பெயரில் சேமித்தால், சில மென்பொருள்களில் அந்த ப்ளக்-இன்னின் பழைய அளவுகளே அழிந்து போகும்.

அடுத்து, ப்ளக்-இன் எதுவும் இல்லாமல் வெறும் குரலை ஓடவிட்டுப் பார்த்தோம். குரல் பதிவு வேவ் கோப்பாக நன்றாகவே இருந்தது. ஃபேன் சத்தம், வெளியே லாரி ஹாரன் எல்லாம் சேர்ந்து கேட்டது. மகன் முகம் சுருங்கிவிட்டது. "மேடையில கேட்ட மாதிரி இல்லையேப்பா" என்றார். அப்புறம் இரண்டாவது பாட்டு ஆரம்பிக்கும் முன் வாத்தியார் லேசாக இருமினார். மெல்லிய குரலில், "டேய் சின்னவனே, அந்தத் தாளத்தை இங்க குடு" என்றார்.

அந்தச் சின்னவன் எங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அன்னிக்கு நாந்தான் தாளம் போட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் எப்படியாவது இதை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

ஒவ்வொன்றாக நோய் பார்த்தல்

டாக்டரிடம் போனால் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் போதுமா? எங்கே, எப்போது, எப்படி என்று சொல்ல வேண்டும். ப்ளக்-இன் நோய் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்.

1. பட்டியலில் பெயரே வரவில்லை.
2. தேடும்போதே தாய் மென்பொருள் படுத்துவிடுகிறது.
3. பெயர் வருகிறது. திறந்தால் கறுப்பு சன்னல், அல்லது உரிமம் கேட்கிறது.
4. எல்லாம் வருகிறது, ஆனால் சத்தம் விக்குகிறது.

நான்காவது வகை பெரும்பாலும் பொருத்தப் பிரச்சினை கிடையாது, பாரப் பிரச்சினை. பொட்டல அளவை 256-இலிருந்து 512 அல்லது 1024-க்கு ஏற்றிப் பாருங்கள். விக்கல் நின்றால் ப்ளக்-இன் மேல் தப்பில்லை. மற்ற மூன்றுக்கும் எங்கள் ஐந்து ப்ளக்-இன்களே உதாரணம்.

முதல் ப்ளக்-இன், ஈக்வலைசர்: இது இலவச ப்ளக்-இன். 64 பிட் பதிப்பும் டிஸ்க்கில் இருந்தது. ஆனாலும் பட்டியலில் வரவில்லை. காரணம் தப்பான ஃபோல்டர். விண்டோஸில் வி.எஸ்.டி. 3-க்கு நிலையான வீடு உண்டு: சி டிரைவில் ப்ரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் வி.எஸ்.டி.3. ஆனால் வி.எஸ்.டி. 2-க்கு அப்படி நிலையான வீடு கிடையாது. ஒவ்வொரு இன்ஸ்டாலரும் தன் இஷ்டத்துக்கு ஒரு மூலையில் வைக்கும். எங்களுடையது எக்ஸ்86 என்று முடியும் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அது 32 பிட்டுக்கான பேட்டை, எங்கள் மென்பொருள் அங்கே தேடவே இல்லை. சரியான இடத்துக்கு மாற்றி, மறுபடி தேடச் சொன்னதும் வந்துவிட்டது. பழைய அளவுகளும் அப்படியே வந்தன. தாய் மென்பொருள் வி.எஸ்.டி. 2 ப்ளக்-இன்னை அதற்குள் இருக்கும் நான்கெழுத்து அடையாளத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. 32 பிட்டானாலும் 64 பிட்டானாலும் அந்த அடையாளம் ஒன்றாக இருந்ததால் தப்பித்தோம்.

இரண்டாவது, ஆர்மோனியத்துக்குப் போட்டிருந்த கம்ப்ரஸர்: இதற்கு 64 பிட் பதிப்பே கிடையாது. பாலம் போட்டோம், ஓடியது.

மூன்றாவது, கேட்: பாடாத நேரத்தில் வரும் மெல்லிய சத்தங்களை அடைத்துவிடும் வாயில் இது. இதுவும் 32 பிட்தான். பாலம் போட்டும் 'ஏற்ற முடியவில்லை' என்றே வந்தது. அன்றைக்கு ராத்திரி பதினொன்றரை, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பெஞ்சில் படுத்துக்கொண்டே யோசித்தபோதுதான் பொறி தட்டியது. பல ப்ளக்-இன்கள் மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் துணைக் கோப்புகளை நம்பி ஓடுகின்றன. எங்கள் மெஷினில் அவை இருந்தன, ஆனால் 64 பிட் மட்டும்! ப்ளக்-இன் 32 பிட் என்றால், விண்டோஸ் 64 பிட்டாகவே இருந்தாலும் துணைக் கோப்பும் 32 பிட்டாகத்தான் இருக்க வேண்டும். எந்த ஆண்டுத் தொகுப்பு தேவையோ அதையே போட வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிப் போட்டோம், கேட் திறந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'இன்ன டி.எல்.எல். காணவில்லை' என்று வந்தால், கண்ட தளத்திலிருந்து அந்த ஒற்றைக் கோப்பை இறக்கி சிஸ்டம் ஃபோல்டரில் போடாதீர்கள். வைரஸ் வாங்கும் வழி அது. போதாததற்கு விண்டோஸ் அங்கே ஒரு வேடிக்கையும் செய்து வைத்திருக்கிறது. 64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரின் பெயர் சிஸ்டம்32! 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வவ்64! பெயரைப் பார்த்துப் போட்டால் மாறிப் போகும்.

நான்காவது, மொத்தப் பாட்டுக்கும் போட்டிருந்த லிமிட்டர்: பழைய ப்ளக்-இன் ஃபோல்டரை முழுசாக அப்படியே கொண்டுவந்து தேடச் சொன்னபோது தாய் மென்பொருளே மூடிக்கொண்டது. உள்ளே இருந்ததோ நாற்பத்தேழு ப்ளக்-இன். எது குற்றவாளி? ரேடியோ ரிப்பேரில் சொல்லிக் கொடுத்தார்களே, பாதி பாதியாக வெட்டிப் பார்ப்பது, அதையே செய்தோம். பாதியை வேறு ஃபோல்டருக்கு மாற்றித் தேடவிட்டோம். விழுந்தால் குற்றவாளி உள்ளே இருக்கிறான், விழாவிட்டால் வெளியே இருக்கிறான். குற்றவாளி இருக்கும் கூட்டத்தை மறுபடி பாதியாக்க வேண்டும். 64 ப்ளக்-இன் இருந்தாலும் ஆறே தடவையில் ஆள் சிக்குவான் (குற்றவாளி ஒருவனாக இருந்தால்!). ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தால் விடிந்திருக்கும்.

ஆள் லிமிட்டர்தான். அதன் புதுப் பதிப்பு வி.எஸ்.டி. 3-ஆகக் கிடைத்தது. ஆனால் அடையாளம் வேறு என்பதால் பழைய அளவுகளை அது படிக்கவில்லை. நல்லவேளை, இருந்தது இரண்டே குமிழ். காதால் கேட்டுச் சரி செய்தோம்.

இதில் இன்னொரு விஷயம். தேடும்போது விழுந்த ப்ளக்-இன்னைத் தாய் மென்பொருள் ஒரு தடைப் பட்டியலில் எழுதி வைத்துக்கொள்ளும். நீங்கள் நோயைச் சரி செய்த பிறகும் 'இவன் பழைய கேடி' என்று கண்டுகொள்ளாது. அந்தப் பட்டியலை அழித்து, புதிதாகத் தேடச் சொல்ல வேண்டும். 'எல்லாம் செஞ்சிட்டேன், வரலையே' என்று புலம்புகிறவர்கள் மறப்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஐந்தாவது, ரிவர்ப்

குரலுக்குப் போட்டிருந்த எதிரொலி இது. இதுதான் எங்களைத் தோற்கடித்தது. காசு கொடுத்து வாங்கிய ப்ளக்-இன், உரிமம் அந்தப் பழைய கணிப்பொறியோடு கட்டப்பட்டிருந்தது. அந்த மெஷின் செத்துவிட்டது. புது எண் கேட்கலாம் என்றால் தயாரித்த நிறுவனமே கடையை மூடிவிட்டது.

ஒரு நண்பன் போனில், "க்ராக் ஒண்ணு இருக்கு மச்சி, அனுப்பவா?" என்றான். கடை அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தர்மம் ஒரு பக்கம் இருக்கட்டும். உடைத்த ப்ளக்-இன்னில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது, நாளை அது மக்கர் பண்ணினால் கேட்கவும் ஆளில்லை. ஊர்ப் பாட்டு முழுவதும் இருக்கும் மெஷினில் அந்த விளையாட்டு எதற்கு?

காப்பாற்றியது எது தெரியுமா? நாம் எல்லோரும் திட்டிக்கொண்டே எழுதுகிறோமே ரெக்கார்டு நோட்டு, அது மாதிரி ஒன்று! 2013-இல் கடையில் இருந்த உதவியாளர் ஒரு லாங் சைஸ் நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் அளவுகளைக் குறித்து வைத்திருந்தார். பரணில் தூசு தட்டி எடுத்தோம். கர்ண மோட்சம், குரல், எதிரொலி அடங்கும் நேரம் 1.8 விநாடி, தொடங்கும் முன் இடைவெளி 40 மில்லி விநாடி, கலப்பு 20 சதவீதம். வேறொரு இலவச ரிவர்ப்பில் அதே எண்களை வைத்தோம். அச்சு அசலாக வரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ரிவர்ப்பும் ஒவ்வொரு மாதிரி கணக்குப் போடும். ஆனால் கிட்டத்தில் வந்தது. மிச்சத்தைக் காது பார்த்துக்கொண்டது.

பழசும் புதுசும் ஒன்றுதானா?

பாலம் வழியாக ஓடும் கம்ப்ரஸர் பழைய மாதிரியே வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தது. நல்லவேளையாக 2013-இல் ஆர்மோனியத்தை மட்டும் முடித்துத் தனி வேவ் கோப்பாக வைத்திருந்தார்கள். அதையும் இன்று எடுத்ததையும் ஒரே இடத்தில் தொடங்குமாறு வைத்து, ஒன்றைத் தலைகீழாக்கி இரண்டையும் கூட்டினோம். கூட்டலும் கழித்தலும் சமம் என்றால் மிச்சம் பூஜ்யம், அதாவது மௌனம். எங்களுக்கு ஏறக்குறைய மௌனமே வந்தது. பாஸ்! ரிவர்ப் மாதிரி அசைந்துகொண்டே இருக்கும் ப்ளக்-இன்களுக்கு இந்தச் சோதனை சரிப்படாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலும் சில குறிப்புகள்

கறுப்பு சன்னல் வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். பல ப்ளக்-இன்கள் ஓப்பன் ஜி.எல். மூலம் படம் வரைகின்றன.

பழைய மெஷினில் புது ப்ளக்-இன் விழுந்தால் பிராசஸரைக் கவனியுங்கள். சில ப்ளக்-இன்கள் ஏ.வி.எக்ஸ். என்ற கட்டளைத் தொகுப்பைக் கேட்கும். 2011-க்கு முந்திய இன்டெல் பிராசஸர்களில் அது கிடையாது. என்ன மென்பொருள் போட்டாலும் வராது.

மேக் வைத்திருக்கும் நண்பர்களுக்கு: 2020-இலிருந்து ஆப்பிள் சொந்தச் சிப்புக்கு மாறிவிட்டது. பழைய இன்டெல் ப்ளக்-இன்கள் ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பாளர் தயவில் ஓடுகின்றன. அந்த ஏற்பாட்டை விலக்கிக்கொள்ளப் போவதாக ஆப்பிள் 2025-இல் அறிவித்துவிட்டது. ஆகவே இப்போதே புதுப் பதிப்புக்கு மாறிவிடுங்கள்.

ரீப்பர் உபயோகிப்பவர்களுக்கு ஒரு வசதி. அதன் ப்ராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்தால் எந்த டிராக்கில் எந்த ப்ளக்-இன் இருந்தது என்று பெயரோடு படிக்கலாம்.

கடைசியாக, ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். டிரைவர், விண்டோஸ், ப்ளக்-இன் மூன்றையும் ஒரே ராத்திரியில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. கெட்டுப் போனாலும் எதனால் என்று தெரியாது.

வருமுன் காக்க

ஒரு பாட்டை முடித்த அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள்:

1. ஒவ்வொரு டிராக்கையும் எஃபெக்ட் சேர்த்து ஒரு வேவ், சேர்க்காமல் ஒரு வேவ் எடுங்கள். எல்லாம் பூஜ்யம் விநாடியிலிருந்து தொடங்கட்டும். 44,100 சாம்பிள், 24 பிட் மோனோ என்றால் நிமிடத்துக்கு சுமார் 8 எம்.பி. பத்து டிராக், ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 400 எம்.பி. ஒரு சினிமா இறக்கும் இடம்கூட இல்லை!
2. ப்ளக்-இன் பெயர், பதிப்பு எண், 32-ஆ 64-ஆ என்று ஒரு பட்டியல் எழுதுங்கள்.
3. இன்ஸ்டாலர் கோப்புகளையும் உரிம எண்களையும் பத்திரப்படுத்துங்கள்.
4. முக்கியமான அளவுகளை நோட்டில் குறியுங்கள், அல்லது திரையைப் படம் பிடித்து வையுங்கள்.
5. எல்லாவற்றையும் இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் வையுங்கள்.

இன்னும் பத்து வருஷத்தில் இன்றைய ப்ளக்-இன்களில் எது ஓடும், எது ஓடாது என்று யார் கண்டது? வேவ் கோப்பை எந்த மெஷினும் வாசித்துவிடும்.

கடைசி ராத்திரி

மூன்றாம் நாள் நான்கு பாட்டும் தயார். மகன் வந்து ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டார். ஆர்மோனியம், முகவீணை, மிருதங்கம், எல்லாவற்றுக்கும் மேலே வாத்தியார் குரல். ஃபேன் சத்தம் இல்லை, ஹாரன் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர் இரண்டாவது பாட்டு வந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"தம்பி, தாளம் கேட்டாரே அப்பா… அது எங்கப்பா?"

அப்போதுதான் உறைத்தது. கேட்! பாடாத நேரத்துச் சத்தத்தையெல்லாம் அடைக்கும் வாயில் அல்லவா அது? அரை ராத்திரி பெஞ்சில் படுத்து நான் உயிர் கொடுத்த ப்ளக்-இன், தன் வேலையைச் சரியாகச் செய்து வாத்தியாரின் இருமலையும் அந்த ஒரு வாக்கியத்தையும் துடைத்துவிட்டது.

"அதை மட்டும் விட்டுடுங்க. ஃபேன் சத்தம் இருந்தா இருந்துட்டுப் போகுது" என்றார்.

இரண்டாவது பாட்டின் முன்னால் பதினோரு விநாடி மட்டும் கேட்டை அணைத்து வைத்தோம். நினைவு நாளன்று ஊர் நடுவில் ஸ்பீக்கர் கட்டிப் போட்டார்கள். நானும் போயிருந்தேன். "டேய் சின்னவனே" என்று குரல் வந்தபோது கூட்டத்தில் இருந்த கிழவிகள் எல்லோரும் மகனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு மெஷின் புகைந்து, ஒரு நிறுவனம் மூடி, ஐந்து சின்னக் கோப்புகள் காணாமல் போனதில் அந்தக் குரல் போயிருக்க வேண்டியது. பழைய டிஸ்க்கைத் தூக்கி எறியாத ஒருவரும், நோட்டில் அளவு எழுதி வைத்த ஒருவரும் இருந்ததால் பிழைத்தது. ஆகவே நண்பர்களே, அடுத்த தடவை லேப் ரெக்கார்டு எழுதும்போது முணுமுணுக்காமல் எழுதுங்கள். நானும் முயற்சி செய்கிறேன் (இன்னும் நான்கு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி!).

ப்ளக்-இன் தகராறு யாருக்காவது இருந்தால், மூன்றாமாண்டு வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு வாருங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.